"மெத்தை போட்டுத்தான் பண்ணோம் டாக்டர்"

இந்த மாதத்தில் இவன் மூன்றாவது பையன். கழுத்தில் பட்டையோடு படுத்திருக்கிறான், வலது கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. விடுதி அறையில் நண்பன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கி, தலைக்கு மேலாகப் பின்பக்கம் சாய்த்திருக்கிறான். எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஃபோனை நீட்டினார்கள். ஜப்பானில் நடந்த தொழில்முறை மல்யுத்த ஆட்டம்: 1996 ஜனவரி 4, டோக்கியோ டோம் அரங்கு, வேடர் என்ற மல்லரும் அன்டோனியோ இனோகி என்ற மல்லரும்.

எனக்கும் தெரிந்த ஆட்டம்தான். வேடர் 150 கிலோவைத் தாண்டிய மலை. இனோகிக்கு அப்போது வயது 52, பிடிகளிலேயே ஊறியவர். இந்தப் பையன்கள் செய்த அதே பிடிக்கு ஜெர்மன் சூப்ளெக்ஸ் என்று பெயர். வேடர் போட்ட ஜெர்மன் சூப்ளெக்ஸில் இனோகி பிடரி மடங்க விழுகிறார். அந்த இடம் வரும்போது இன்றைக்கும் என் கை கழுத்துக்குப் போகிறது. அப்புறம் அவர் எழுந்து, வேடரின் கையைக் கால்களுக்கிடையில் பூட்டி ஜெயிக்கிறார். "அவரே எழுந்துட்டாரே டாக்டர், எல்லாம் நடிப்புதானே" என்கிறார்கள்.

இந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள், சரி. விழும் உடம்பு நிஜம், மடங்கும் கழுத்து நிஜம். தூக்குகிறவனின் பலம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. விழுகிறவனின் வித்தை படுவதில்லை. ஜப்பானில் அதற்கு 'உகெமி' என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டி, மேல்முதுகில் எடையை வாங்கி, கையால் தரையை அறைந்து விழுவது. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் ஆட்டத்துக்கு முன் மாதக்கணக்கில் இதைத்தான் பழகுகிறார்கள்.

உகெமியில் மேதை என்று பெயரெடுத்த ஜப்பானிய மல்லர் மிட்சுஹாரு மிசாவா. 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் எதிராளி அவரைத் தூக்கிப் பின்பக்கமாகச் சாய்த்த ஒரு பேக்டிராப். எத்தனையோ தடவை வாங்கிப் பழகிய பிடி. அன்று எழவில்லை. வயது 46. இன்னொரு மல்லர் யோஷிஹிரோ தகயாமாவை யாரும் தூக்கக்கூட இல்லை. 2017-ல் அவரே போட்ட பிடி தவறித் தலை குத்தியது. கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது.

மெத்தை காப்பாற்றும் என்பது அடுத்த நினைப்பு. பஞ்சு மெத்தையில் தலை புதைந்து நின்றுவிடும், உடம்பு நிற்காது. முழு எடையும் கழுத்தில்தான் இறங்கும். தயவுசெய்து இதை வீட்டில், விடுதியில், ஆற்று மணலில், எங்கேயும் செய்யாதீர்கள்.

யாராவது அப்படி விழுந்துவிட்டால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைத் திருப்பவே கூடாது. இந்த மூன்று பேரில் ஒருவனை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள், தலை தொங்கத் தொங்க. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடவும் வேண்டாம், தண்டுவடம் உள்ளே நசுங்கியிருக்கலாம். கை கால் மரத்தால், ஊசி குத்துவதுபோல் இருந்தால், பிடி தளர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும்.

108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.