அலர்ட் வராத ராத்திரி

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து போன். தளம் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். டாஷ்போர்டைத் திறந்தேன். சிவப்பாக எதுவும் இல்லை. ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட்டின் த்ரெட் (கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாள்) கிராஃப் இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் சின்ன எழுத்தில் ‘நோ டேட்டா’. சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் 200 த்ரெட்டும் நிரம்பி, டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்துக் கிடந்தன.

வேலையில் இருக்கும் த்ரெட் 180-ஐத் தாண்டினால் அலர்ட் அனுப்பு என்று, சர்வர்களின் அளவுகளைச் சேகரித்துக் கண்காணிக்கும் ப்ராமிதியஸில் விதி இருந்தது. எழுதியவன் நான்தான். ஆனால் அளவே வராதபோது எதை 180-உடன் ஒப்பிடுவது? வராத அளவைப் ப்ராமிதியஸ் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாது. அதன் கண்ணில் அப்படி ஒரு சங்கதியே கிடையாது. அதனால் விதி வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாளைக்கு முன்பு டாம்கேட் கோரிக்கைகளை வாங்கும் கனெக்டரின் போர்ட்டை 8080-இலிருந்து 8081-க்கு மாற்றியிருந்தார்கள். ஜாவா தன் நிலவரத்தை வெளியே காட்டும் பொருளுக்கு எம்பீன் என்று பெயர். டாம்கேட்டில் த்ரெட் பூலின் (த்ரெட்களின் தொகுப்பு) எம்பீன் பெயருக்குள்ளேயே போர்ட் எண் இருக்கும்: ‘எச்டிடிபி-என்ஐஓ-8080’ என்று. எம்பீன்களை ஜேஎம்எக்ஸ் என்ற ஜாவா வசதி வழியாகப் படித்து ப்ராமிதியஸுக்குக் கொடுக்கும் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டரின் கான்ஃபிக்கில் நான் அந்த 8080-ஐ அப்படியே எழுதி வைத்திருந்தேன். எந்த எண்ணுக்கும் பொருந்துகிற மாதிரி ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் விதி) போட்டிருக்க வேண்டும். இதில் கொடுமை, எக்ஸ்போர்ட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, அது பதில் தருகிறதா என்று ப்ராமிதியஸ் குறித்துவைக்கும் ‘அப்’ மதிப்பும் 1 என்றே இருந்தது. ஆள் வந்திருக்கிறார், கை மட்டும் காலி.

அளவு வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது, ப்ராமிதியஸ் எங்கிருந்தெல்லாம் அளவு எடுக்கிறது என்று காட்டும் டார்கெட்ஸ் பக்கம். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் அந்த போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ‘கான்டெக்ஸ்ட் டெட்லைன் எக்ஸீடட்’ என்றால் ஒன்று ஃபயர்வால் விழுங்குகிறது, இல்லையேல் எக்ஸ்போர்ட்டர் நேரத்துக்குள் பதில் தரவில்லை. மாற்றாவிட்டால் அந்தக் கெடு 10 விநாடி. இருக்கிற எம்பீன் அத்தனையையும் அள்ளச் சொன்னால், சாதாரண நேரத்தில் ஓடிவிடும். நெரிசலில் சர்வர் திணறும்போது கெடு தாண்டி, எந்த நேரத்து எண் நமக்கு வேண்டுமோ அந்த நேரத்தில் கிராஃபில் ஓட்டை விழும். வேண்டியவற்றை மட்டும் பட்டியலிட்டுக் கொடுங்கள்.

வெளியிலிருந்து ஜேஎம்எக்ஸில் இணைபவர்களுக்கு வேறு தலைவலி. நாம் கொடுக்கும் போர்ட் வெறும் வாசல்தான். உள்ளே ஆர்எம்ஐ (ஜாவா நிரல்கள் நெட்வொர்க் வழியே பேசிக்கொள்ளும் முறை) இன்னொரு போர்ட்டைத் திறக்கும். அதைச் சொல்லி வைக்காவிட்டால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் புது எண், ஃபயர்வாலில் அடி. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடலாம். அதைவிட, எக்ஸ்போர்ட்டரை ஜாவா ஏஜென்ட்டாக டாம்கேட்டுக்குள்ளேயே ஓட்டினால் ஆர்எம்ஐ தொல்லையே கிடையாது. ஏஜென்ட்டை ஏற்றும் வரியை ஜாவா ஆப்ட்ஸ் என்ற அமைப்பில் போடாமல், டாம்கேட் கிளம்பும்போது மட்டும் படிக்கும் கேட்டலினா ஆப்ட்ஸில் போடுங்கள். ஜாவா ஆப்ட்ஸை நிறுத்தும் ஸ்கிரிப்டும் படிக்கும், அதே போர்ட்டைப் பிடிக்கப் பார்த்துத் தோற்கும், டாம்கேட் நிற்காது.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்குக்குள் இருக்கும் டாம்கேட் என்றால், 2.2 பதிப்பிலிருந்து அதன் எம்பீன் பதிவு தானாக நடக்காது. நாம்தான் இயக்க வேண்டும்.

சரி, அளவு காணாமல் போனதை எப்படித் தெரிந்துகொள்வது? ‘ஆப்சென்ட்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் பொதுவாக எழுதினால், பத்து சர்வரில் ஒன்று மட்டும் விடுபட்டால் அது கண்டுகொள்ளாது. அதனால் ‘அப்’ 1 என்று இருக்கும் டார்கெட்களில் த்ரெட் அளவு இல்லாதவை எவை என்று ‘அன்லெஸ்’ போட்டுக் கேட்கும் விதியைத்தான் இப்போது எல்லா இடத்திலும் வைக்கிறேன். புது சர்வரைச் சேர்த்ததும் கான்ஃபிக்கில் த்ரெட் பூல் பெயரை வேண்டுமென்றே தப்பாக எழுதிவிட்டு, போன் அடிக்கிறதா என்று பார்ப்பேன். அடித்த பிறகுதான் பெயரைத் திருத்துவது.