கூரைமுற்றம் எதற்கு, தாழ்வாரம் இருக்கும்போது?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சென்ற மாதம் ஒரு மண்டபப் புதுப்பிப்புக்கு நன்கொடை கேட்டுத் துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தது. ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘மழை நேரத்தில் விருந்தினர் ஒதுங்கி நிற்க முன்புறம் முற்றம் அமைக்கப்படும்.’ திருப்பிப் பார்த்தேன். மலாயில் ‘பெராண்டா’, அதாவது வராந்தா, என்று இருந்தது.

முற்றத்தில் எப்படி ஐயா மழைக்கு ஒதுங்குவது? முற்றம் என்றாலே வானம் பார்த்த இடம். நெல் காய்வதும் கோலம் போடுவதும் கோழி மேய்வதும் அங்கேதான். மொழிபெயர்த்த தம்பியிடம் நேரிலேயே சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது அச்சில் திருத்தமும் வந்தது. ‘முற்றம்’ இருந்த இடத்தில் ‘கூரைமுற்றம்’.

இந்தத் தவற்றை நான் பார்ப்பது முதல் தடவை இல்லை. மாணவர் கட்டுரைகளில், வீடமைப்பு விளம்பரங்களில், வானொலி அறிவிப்பில் என்று எங்கும் வராந்தா முற்றமாகிவிட்டது. ஒரு சிறுகதையில் கதாநாயகி முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அடைமழையைப் பார்க்கிறாள், மேலே ஒரு துளிகூடப் படவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் வராந்தாவின் பிறப்பு. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் இந்தியாவிலிருந்து போனது. இந்தியாவில் அதைப் பரப்பியவர்கள் போர்ச்சுகீசியர்கள். அவர்கள் மொழியில் ‘வரண்டா’, ஸ்பானியத்தில் ‘பரண்டா’. கைப்பிடிச் சுவர், கிராதி போட்ட முகப்பு என்று பொருள். வாஸ்கோ ட காமாவுடன் 1498-இல் கள்ளிக்கோட்டையில் இறங்கியவர்களில் ஒருவர் எழுதிய நாட்குறிப்பிலேயே, பித்தளை விளக்கு எரிந்த ஒரு ‘வரண்டா’வில் தங்களை இருக்க வைத்ததாக வருகிறது. அன்றுதான் கரையேறியவர் கையிலேயே இருந்த சொல் என்றால், அது அவர் ஊரிலிருந்து வந்த சொல்தான். 1505-இல் கிரானடாவில் அச்சான ஸ்பானிய–அரபு அகராதியிலும் அது இருக்கிறது. வடமொழி ‘வரண்ட’ என்பதிலிருந்து வந்தது என்று ஒரு சாரார், ‘வெளியே வந்தது’ என்று பொருள்படும் பாரசீக ‘பர் ஆமத’விலிருந்து வந்தது என்று இன்னொரு சாரார் வாதாடியிருக்கிறார்கள். யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் போர்ச்சுகீசிய வழியையே ஏற்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மலாய் ‘பெராண்டா’வும் அதே போர்ச்சுகீசியர் விட்டுப்போனது, மலாக்காவை அவர்கள் 1511-இல் பிடித்தார்கள். நம் ‘ஜன்னல்’ மலாயில் ‘ஜெண்டேலா’, நம் ‘அலமாரி’ அவர்களுக்கு ‘அல்மாரி’. எல்லாம் ஒரே கப்பலில் வந்த சாமான்கள். யாழ்ப்பாணத் தமிழர் அதை ‘விறாந்தை’ ஆக்கிக்கொண்டார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டில் நான் முதலில் கேட்டதும் அந்த உச்சரிப்புத்தான்.

பிறப்பு அவ்வளவுதான். இனித்தான் விஷயம்.

தம்பியின் வாதம் இது: “வராந்தா பிறமொழிச் சொல் ஐயா, நாம் தனித்தமிழில் எழுத வேண்டும். முற்றம் நல்ல தமிழ். கூரை நல்ல தமிழ். இரண்டையும் சேர்த்தால் பொருள் விளங்கிவிடுகிறது.” இரண்டும் நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் கூட்டுச்சொல்லின் உயிர் பின்னால் வரும் சொல்லில் இருக்கிறது. ‘மரப்பெட்டி’ ஒரு பெட்டி, ‘பெட்டிமரம்’ ஒரு மரம். அப்படியானால் கூரைமுற்றம் என்பது ஒரு முற்றம். கூரை அதன் மேல் ஒட்டியது. முற்றத்தின் இயல்போ கூரை இல்லாமை. நெடுநல்வாடை ‘நிலவுப் பயன்கொள்ளும் நெடுவெண் முற்றம்’ என்கிறது. நிலவொளி வந்து விழுந்தால்தான் அந்த முற்றத்துக்குப் பயன். கூரை போட்ட அன்றே அது முற்றமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. தலைச்சொல் மறுப்பதையே அடைச்சொல் சேர்த்தால் கேட்கிறவன் மனத்தில் எந்தப் படம் எழும்?

“சொற்பொருள் விரியும் ஐயா” என்றார். விரியட்டும். எண்ணெய் விளக்கு மின்விளக்கு ஆனது. வெளிச்சம் தருவது விளக்கு என்ற அடிப்படை மாறவில்லை. கூரைமுற்றத்தில் அடிப்படையே மாறுகிறது. அதோடு, சொல் இல்லாத இடத்தில்தான் பொருளை விரிக்க வேண்டும். இங்கே சொல் இல்லையா?

இருக்கிறது. தாழ்வாரம். ‘வாரம்’ என்றால் சரிந்த கூரை. வீட்டின் பெரிய கூரையிலிருந்து தாழ்ந்து இறங்கும் வாரம் தாழ்வாரம். அதன் அடியில் கிடக்கும் இடத்துக்கும் அதே பெயர். கூரை விளிம்பைச் சொல்லும் ‘இறவார’த்திலும் இருப்பது அதே வாரம்தான். தாழ்வாரத்தில் கூரை அடைமொழியாக வரவில்லை, சொல்லின் உடம்பாகவே இருக்கிறது. பேச்சில் ‘தாவாரம்’. படித்தவர், படிக்காதவர் இரு தரப்பிலும் புழங்கிய சொல். இதை விட்டுவிட்டு முற்றத்துக்குக் கூரை வேய்வானேன்?

சிலர் ‘முன்றில்’ என்று எழுதுகிறார்கள். அழகான பழஞ்சொல். முன், இல் என்ற இரண்டும் சேரும்போது நடுவில் றகரம் ஒற்றாக வரும் என்று தொல்காப்பியமே தனி நூற்பா வைத்திருக்கிறது. ஆனால் முன்றில் வீட்டுக்கு முன்னால் உள்ள இடம். ‘சீயா முன்றில்’ என்று புறநானூறு சொல்லும்போது கூட்டிப் பெருக்காமல் செத்தை மண்டிக் கிடக்கும் வாசலைத்தான் சொல்கிறது. அதுவும் மழைக்கு ஆகாது. இன்னும் சிலர் ‘திண்ணை’ என்பார்கள். திண்ணை உட்காரும் மேடை, தாழ்வாரம் அந்த மேடைக்கு மேலும் பக்கத்திலும் உள்ள நிழல். ஆங்கிலேயர் திண்ணையைப் ‘பியால்’ என்றார்கள், அதுவும் ஒரு போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததே. வரண்டா வேறு, பியால் வேறு என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் தாழ்வாரம் உண்டு, திண்ணை கிடையாது. தமிழ்நாட்டுக் கதைகளைப் படித்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திண்ணை கட்டுவது நம் தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டைச் சரியாகப் பார்க்காததுதான்.

அந்த வீட்டில் அதற்கு என்ன பெயர்? அஞ்சடி. மலேசியாவில் வளர்ந்த தமிழருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைத்தெருவிலும் அஞ்சடி, லயத்திலும் அஞ்சடி. சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822-இல் சிங்கப்பூர் நகர அமைப்புக்கு விதி வகுத்தபோது, தெருவின் இரு பக்கமும் ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் குறிப்பிட்ட ஆழத்தில் வரண்டா விட வேண்டும், அவை இடைவெளியின்றிக் கூரையிட்ட வழியாகத் தொடர வேண்டும் என்றார். ஐந்தடி அகலம் வழக்காகி மலாயில் ‘காக்கி லீமா’, ஹொக்கியனில் ‘கோ கா கி’, தமிழில் ‘அஞ்சடி’ என்று மூன்று மொழியிலும் அளவே பெயராயிற்று. அந்த வழி எல்லோருக்கும் பொது என்பதும் அதோடு வந்தது. 1888 பிப்ரவரியில் சிங்கப்பூரில் அஞ்சடியை மறித்திருந்த சரக்குகளை அகற்றப் போய்க் கலவரமே மூண்டது. மலாய் வீட்டின் முகப்பை ‘அஞ்சோங்’ என்பதால் அஞ்சடி அதிலிருந்து வந்தது என்று ஒருவர் என்னிடம் சாதித்தார். ஒலி ஒற்றுமைதான், வேறு உறவில்லை. அஞ்சு, அடி, இரண்டும் வெளிப்படையாகத் தெரிகின்றன.

நான் பிறந்தது தகரக் கூரை போட்ட லயத்தில். அஞ்சடிச் சுவரில் வாளி தூக்கும் காண்டாக் கம்பு சாய்ந்திருக்கும், பால் வாளிகள் கவிழ்த்தியிருக்கும், மூலையில் ஒட்டுப்பால் சாக்கு நாறிக்கொண்டு கிடக்கும். விடியற்காலை நான்கரைக்கு அம்மா அங்கே நின்றுதான் வானத்தைப் பார்ப்பார். மரம் நனைந்திருந்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. மழை பிடித்துவிட்டால் தகரத்தின் ஒவ்வொரு நெளிவிலிருந்தும் ஒரு நூல் தண்ணீர் இறங்கும். அது விழும் இடத்தில் மண்ணில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், விரல் அளவு ஆழம், அடியில் கழுவின கூழாங்கல். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நூல் பிடித்தாற்போல் அந்தக் குழிகள் போகும். குழிக்கு இந்தப் பக்கம் அஞ்சடி. அந்தப் பக்கம் வாசல். அப்பாயி “வாசல்ல நனையாதடா, அஞ்சடிக்கு வா” என்று கத்துவார். பள்ளிக்கூடம் போகாத மனுஷி. இரண்டு இடத்தையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

மொழிபெயர்ப்பவர்களிடம் நான் கேட்பது அந்த எல்லைக்கோட்டைத்தான். மலாய்ச் சொல்லைப் பார்க்கிறார்கள், அகராதியைப் பார்க்கிறார்கள், பொருளைப் போய்ப் பார்ப்பதில்லை. அறிவிப்புகளில் ‘காக்கி லீமா’ இப்போது ‘நடைபாதை’. நடைபாதைக்குக் கூரை கிடையாது. அது சாலையோரம் வெயிலில் கிடக்கும். நாட்டின் 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம்கூட வரண்டா வழியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சட்டம் பிரித்துப் பார்ப்பதைத் தமிழ் ஏன் குழப்ப வேண்டும்? வீட்டு விளம்பரத்தில் கார் நிறுத்தும் கூரைப் பகுதி ‘மகிழுந்து முற்றம்’. அதை நம்பி வாங்குபவர் தன் கார் வெயிலில் காயப்போகிறது என்றுதான் நினைப்பார். தனித்தமிழ் வேண்டும் என்பதில் நான் யாருக்கும் பின்தங்கியவன் இல்லை; நாற்பது வருடமாக எழுத்தில் வராந்தா என்று எழுதியதில்லை. ஆனால் தூய்மை என்பது இருக்கும் தமிழைத் தேடி எடுப்பது. இருக்கும் தமிழை மிதித்துக்கொண்டு புதுத்தமிழ் வார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘அஞ்சடி கொச்சை ஐயா’ என்றும் தம்பி சொன்னார். எழுத்தில் ‘ஐந்தடி’ என்று போடுங்கள், அல்லது தாழ்வாரம் என்று போடுங்கள். கதையில் லயம் வந்தால் அஞ்சடி என்றே இருக்கட்டும், அந்த மக்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒரே ஓர் இடத்தில் தாழ்வாரமும் பொருந்தாது. கிளந்தான் மாநிலத்தை ‘செராம்பி மெக்கா’ என்பார்கள். செராம்பி மலாய் வீட்டில் விருந்தினரை உட்கார வைக்கும் முன்பகுதி, கூரை உள்ளது. ஆனால் இந்தத் தொடரில் அது இடத்தைக் குறிக்கவில்லை, மெக்காவுக்கு முன்படி என்ற பெருமையைக் குறிக்கிறது. அங்கே ‘மெக்காவின் தலைவாசல்’ என்று நான் எழுதுவேன். ‘மெக்காவின் முற்றம்’ என்று ஒரு நாளேட்டில் பார்த்தேன். இடத்தையும் சொல்லவில்லை, பெருமையையும் சொல்லவில்லை.

மண்டப வேலை நடந்துகொண்டிருக்கிறது. முன்பக்கம் இரும்புத் தூண் ஆறு நட்டு, சரிவாகத் தகரம் ஏற்றிவிட்டார்கள். பெயர்ப் பலகை எழுத வந்தவர் பழைய தோட்டத்து ஆள். காகிதத்தில் ‘கூரைமுற்றம்’ என்று இருந்ததை இரண்டு தடவை படித்துவிட்டு, தலையைத் தூக்கித் தகரத்தைப் பார்த்து, “அஞ்சடியாங்க சார்?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடியும் வரை அந்தப் பலகையை மட்டும் எழுதாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.