மண்ணுக்குள் போனதை யார் பார்த்தது?

பழைய வீட்டின் மேல் மாடி கட்டலாமா என்று கேட்டு வருபவர்களிடம், முதலில் பில்லர் ஓரமாக ஒரு குழி தோண்டச் சொல்வேன். "அஸ்திவாரம் அஞ்சடி சார், அப்பாவே கூட நின்னு பாத்தாரு" என்பார்கள். அப்போதெல்லாம் எனக்கு ஃபான்ட்ஹில் மாளிகைதான் ஞாபகம் வரும்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருந்தது அது. ஜமைக்காவில் அடிமைகளை வேலை வாங்கிய கரும்புத் தோட்டங்களின் பணம் வில்லியம் பெக்ஃபோர்டிடம் கொட்டிக் கிடந்தது. 1796-ல் கட்டத் தொடங்கினார். கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயாட். சிலுவை வடிவில் நாலு பக்கமும் நீண்ட கட்டடங்கள், நடுவில் எண்கோண மண்டபம், அதன் தலையில் சுமார் 275 அடிக் கோபுரம். வரைபடத்தில் என் கண்ணை உறுத்துவது அந்த நடு இடம்தான். நீளச் சுவர் எடையைப் பரப்பிவிடும். கோபுரத்தின் எடையோ மண்டபத்தைச் சுற்றியுள்ள சில தூண்களில் குவியும்.

பெக்ஃபோர்டுக்கு அவசரம். 500 ஆட்கள், ராத்திரியிலும் தீப்பந்தம் பிடித்து வேலை. வயாட் சைட் பக்கம் வருவதே அபூர்வம். மரச்சட்டத்தில் சிமென்ட் பூசி எழுப்பிய முதல் கோபுரம் 1800-ல் காற்றுக்கே சரிந்தது. பிறகு கல்லில் கட்டினார்கள். கல் என்றால் கனம்.

1822-ல் பெக்ஃபோர்டு பணமுடையால் மாளிகையை, இந்தியாவில் வெடிமருந்தில் சம்பாதித்துத் திரும்பிய ஜான் ஃபார்குவாரிடம் விற்றார். எடையை மண்ணில் பரப்ப அடியில் போட வேண்டிய தலைகீழ் வளைவுகளைப் போடவே இல்லை என்று, வேலையைக் கவனித்த ஆள் சாகக் கிடந்தபோது ஒப்புக்கொண்டதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1825 டிசம்பர் 21 அன்று கோபுரம் இடிந்து விழுந்தது. இன்று மிச்சமிருப்பது வடக்குப் பக்கத்தில் ஒரு துண்டு.

மாடி கட்டுமுன் ஒரு குழி போதாது. மூலைப் பில்லர் ஒன்று, நடுப் பில்லர் ஒன்று என்று பாருங்கள். பில்லருக்கு அடியில் அகலமாக இருக்கும் ஃபூட்டிங்கின் அடிவரை தோண்டி ஆழமும் அகலமும் அளக்க வேண்டும். மண் பரிசோதனையும் வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால், பூசி மறைக்காமல் காட்டுங்கள்.

அண்மையில் ஒரு வீட்டில் அப்படித் தோண்டினோம். மூன்றரை அடியிலேயே ஃபூட்டிங் முடிந்து, கீழே கரிய களிமண் வழவழவென்று தெரிந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த டேப்பை வாங்கி, குழிக்குள் இறங்கி, தானே ஒருமுறை அளந்தார்.