கல்லாவில் கிடப்பதெல்லாம் உங்கள் காசு இல்லை

ஹட்டனில் சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். போன கிழமை வந்தவரும் அதே பாட்டைத்தான் பாடினார்: "வியாபாரம் நல்லா ஓடுது சேர், சாமானுக்குக் கட்டத்தான் காசில்லை." இரண்டு செக் திரும்பிவிட்டன. பொறுமை போனதால் எழுதுகிறேன்.

அண்ணன்மாரே, விற்பனை வேறு, இலாபம் வேறு. நாளுக்கு 40,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அந்தச் சாமான் வாங்கியது 36,000க்கு. மிச்சம் 4,000. வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம், லொறிக்கூலி என்று 2,500 போனால் உங்களுக்கு உரியது 1,500. இதுவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் ராத்திரி கல்லாவைத் திறந்தால் கட்டுக்கட்டாகக் கிடக்கிறதே, வீட்டுக்கு 3,000 எடுப்பது பெரிதாகப் படுவதில்லை. கூடுதலாக எடுத்த 1,500 யாருடையது? சாமான் தந்தவருடையது! மாதத்துக்கு 45,000. விற்பனை குறையவில்லை, யாரும் திருடவில்லை, தட்டு மட்டும் காலியாகிக்கொண்டே வரும். பிள்ளையின் டியூஷன், ஓட்டோ லீசிங், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் அதே கல்லாவிலிருந்துதான். தேயிலைத் தோட்டத் தொழிலாளரை நம்பிய கடையென்றால் இன்னும் மோசம். விற்றதில் பாதி கடன் கொப்பியில் கிடக்கும், பத்தாம் திகதி சம்பளம் வரும்வரை.

அப்புறம் ஓட்டையை அடைக்க லோன். "மாதம் 2 வீதம்தானே" என்கிறார்கள். ஒரு இலட்சம் எடுத்து, 12 மாதமும் முழு இலட்சத்துக்கே வட்டி போட்டு, மாதம் 10,333 கட்டுகிறீர்கள். முதல் குறைந்துகொண்டு போனாலும் வட்டி குறைவதில்லை. கட்டக் கட்டக் குறையும் மிச்சக் கடனுக்கு மட்டும் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 24 அல்ல, ஏறத்தாழ 42 வீதம். தவணை பிந்தினால் கிரிப் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றை வங்கிகளுக்குக் காட்டும் பதிவு) ஏறும், அடுத்த முறை வங்கி முகம் கொடுக்காது.

கணக்கு எழுதச் சொன்னால் வருகிற பதில்: "எழுதினா வரிக்காரன் வருவான்." 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் வருமான வரி இல்லை. வியாபாரத்தில் வருமானம் என்று பார்ப்பது விற்பனையை அல்ல, செலவு போக மிஞ்சுவதை. மேலே சொன்ன கடைக்கு ஆண்டு முழுக்க அது 6 இலட்சம்கூட வராது. கொப்பி இல்லாவிட்டால் அதை எப்படி நிரூபிப்பீர்கள்?

தயவுசெய்து கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு திறவுங்கள். உங்களுக்கு நீங்களே மாதச் சம்பளம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு சதமும் தொடாதீர்கள். கடன் கொப்பியில் ஆளுக்கு ஒரு எல்லை போடுங்கள், மச்சானுக்கும் சேர்த்துத்தான். லோன் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் "மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று கேளுங்கள். எழுதச் சோம்பலாக இருந்தால் கொப்பியை மனைவியிடம் கொடுங்கள். சீட்டுக் கணக்கைச் சதம் பிசகாமல் வைத்திருப்பது அவர்தானே.

வரி விபரத்திரட்டு கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30. கொடுக்க வேண்டியவர்கள் 29ஆம் திகதி பின்னேரம் சிலிசிலி பை நிறைய பில்லோடு என் வாசலில் நிற்காதீர்கள்.