அழுத்தத்தில் குமிழ் எங்கே போகிறது?

குன்றிமணியை உள்ளே வைத்து வார்த்த சாவிக்கோர்வை, வெடித்த முதிரைக் குற்றியின் பிளவில் ரெசின் (ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் திரவப் பிசின்) ஊற்றிச் செய்த பலகை: பார்க்க அழகான வேலைகள். செய்து பார்த்தவர்களுக்கு ஒரே தலையிடிதான். கண்ணாடிபோல் வரவேண்டிய துண்டுக்குள் வெள்ளிப் பொட்டுகளாகக் குமிழ்கள் நிற்கும். இந்த வேலைக்கு எடுக்கும் எப்பொக்சி வகை ரெசினின் ஒளிமுறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) ஏறக்குறைய 1.5, காற்றினது 1. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒளி வளையும், சரிவாக விழும் ஒளி முழுதாகத் தெறித்துத் திரும்பும். அதனால் சிறு குமிழும் பளிச்சென்று தெரிகிறது.

ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் கலக்கும்போதே காற்று உள்ளே போய்விடுகிறது. பெரிய குமிழ் தானாக மேலே வரும். விட்டம் பாதியானால் ஏறும் வேகம் காற்பங்காகிவிடும், ஆகவே சின்னக் குமிழ் வந்து சேர்வதற்குள் ரெசின் இறுகிவிடுகிறது. வன்னி வெயிலில் இது இன்னும் சிக்கல். சூட்டில் ரெசின் இளகி, குமிழ் சுலபமாக ஏறும்தான். ஆனால் வெப்பநிலை 10 பாகை கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது, நேரம் போதாது.

இதற்குத்தான் அழுத்தக் கலன். ஊற்றிய அச்சைக் கலனுக்குள் வைத்து, கொம்பிரசரால் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல்வரை காற்றடிப்பார்கள். அழுத்தம் குமிழை வெளியே தள்ளிவிடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குமிழ் எங்கும் போவதில்லை. வளிமண்டலத்தின் 15 இறாத்தலையும் சேர்த்தால் மொத்த அழுத்தம் 75, அதாவது ஐந்து மடங்கு. பொயிலின் விதிப்படி குமிழின் கனவளவு ஐந்திலொன்றாகும். ஆனால் 1 மில்லிமீற்றர் விட்டம் 0.58 ஆகத்தான் சுருங்கும், அது கண்ணுக்குத் தாராளமாகத் தெரியும்.

மிச்ச வேலையைச் செய்வது கரைதல். அழுத்தம் கூடக்கூடத் திரவத்தில் வாயு கூடுதலாகக் கரையும். குமிழ் சிறுக்கச் சிறுக்க, மேற்பரப்பு இழுவிசை அதை இன்னும் நெருக்கும், கரைதலும் வேகமெடுக்கும். கடைசியில் காற்று ரெசினுக்குள்ளேயே இருக்கிறது, குமிழாக மட்டும் இல்லை. சோடாப் போத்தலும் இப்படித்தான்: மூடியிருக்கும்வரை தெளிவு, திறந்தால் நுரை. ஆகவே ரெசின் நன்றாக இறுகும்வரை அழுத்தத்தை விடக்கூடாது. இடையில் கரண்ட் போனாலும் பயமில்லை, கலனின் வால்வை முதலிலேயே பூட்டியிருந்தால் காற்று உள்ளே நிற்கும்.

கலன் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 30 சென்ரிமீற்றர் அகல மூடியில் அந்த அழுத்தம் ஏறக்குறைய மூன்று தொன் விசையாகத் தள்ளும். பி.வி.சி. குழாயும் சமையல் குக்கரும் அதற்குரியவை அல்ல. வெடித்தால் சிதறல் உயிரைக்கூட எடுக்கும். அந்த அழுத்தத்துக்கென்றே செய்த, பாதுகாப்பு வால்வு உள்ள கலன்தான் வேண்டும்.

அப்புறம் அச்சு. சிலிக்கன் அச்சின் சுவருக்குள் குமிழ் ஒளிந்திருந்தால், அழுத்தத்தில் அது நசுங்கிச் சுவர் உள்வாங்கும், அந்தக் குழிக்குள் ரெசின் நிறைந்து துண்டில் பருப்பருவாக நிற்கும். அதனால் அச்சுக்கான சிலிக்கனை முதலில் வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுக்க வேண்டும். இல்லையேல் அதையும் அழுத்தத்திலேயே இறுக விடலாம்.

உள்ளே வைக்கும் பொருளும் குமிழ் விடும். காய்ந்த மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு ரெசின் பூசி அடைத்துவிட்டு வார்ப்பது நல்லது. ஈரம் அதைவிட மோசம், ரெசின் மங்கிப் போகும். பாலைப்பழத்தை அப்படியே வார்க்க ஆசைப்படுபவர்கள் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, பளபளக்கும் அந்தக் கொட்டையைக் கழுவி, நன்றாகக் காயவைத்து வார்க்கலாம்.