கிளிமஞ்சாரோ ஏற வேண்டுமா? இறங்கப் பழகுங்கள்

ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலையான கிளிமஞ்சாரோவின் வழக்கமான பாதைகளில் கயிறோ பனிக்கோடரியோ தேவையில்லை. 5,895 மீட்டர் உச்சிக்கு நடந்தே போய்விடலாம். அதனாலேயே இரண்டு மாதம் ஜிம்முக்குப் போனால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் அந்த மலை வேறு வகையான உடல்தகுதியைக் கேட்கிறது.

அந்தப் பாதைகளில் ஒன்றான மச்சாமேயின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். சுமார் 4,670 மீட்டரில் இருக்கும் பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவு வாக்கில் கிளம்பி, 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம் இருந்தாலும், ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது பாதியாகிவிடுகிறது. உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவதால், கீழே நிதானமாகத் தெரியும் நடையே அங்கே கடும் உழைப்பு.

இதற்கு மூச்சிரைக்க ஓடுவதைவிட, நீண்ட நேரம் மெதுவாக நடப்பதே நல்ல அடித்தளம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் தசைகளில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பு) பெருகும், நுண் ரத்தக்குழாய்கள் அடர்த்தியாகும், கொழுப்பை எரித்து நெடுநேரம் உழைக்கும் திறனும் கூடும்.

சரி, ஏறியாகிவிட்டது. பெரும்பாலோர் கவனிக்காத பகுதி இனிமேல்தான். உச்சி தொட்ட அதே நாளில், சுமார் 3,100 மீட்டரில் இருக்கும் ம்வேக்கா முகாம்வரை இறங்குவதுதான் வழக்கம். ஏறக்குறைய 2,800 மீட்டர் இறக்கம்!

கீழே ஒரு அடி வைக்கும்போது முழங்கால் மடங்குகிறது. உடல் சரிந்துவிடாமல் தாங்க தொடையின் முன்தசை சுருங்கப் பார்க்கிறது. உடல் எடையோ அதை நீட்டி இழுக்கிறது. சுருங்க முயலும்போதே நீட்டப்படுவதால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி அடுத்த நாளோ அதற்கு மறுநாளோதான் உச்சத்துக்கு வரும். வலு மட்டும் அப்போதே குறைந்து, கால் நடுங்கத் தொடங்கிவிடும். சைக்கிள் மிதிப்பதில் இந்தச் சுமை அநேகமாக இல்லவே இல்லை. அதை மட்டும் பயிற்சியாகச் செய்தவர்கள் இறக்கத்தில் திணறுவது இதனால்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை வேகமாகக் கற்றுக்கொள்கிறது. ஒரு முறை அளவாக இறங்கிப் பழகினாலே, அடுத்த சில வாரங்களுக்குச் சேதம் கணிசமாகக் குறைகிறது. எனவே கடைசி இரண்டு மாதங்களில் வாரம் ஒரு முறையாவது, முதுகுப்பையில் கொஞ்சம் எடையோடு மாடிப்படி இறங்குங்கள். காலைத் தொப்பென்று போடாமல், ஒவ்வொரு படியிலும் உடலை மெல்லத் தாழ்த்துங்கள். பத்து மாடி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குவது பாதிப் பயிற்சியை வீணாக்குவதுதான். முழங்கால் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு பயிற்சி செய்தாலும் உயர நோய், அதாவது உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உடல்நலக் கோளாறு, வராது என்று சொல்ல முடியாது. நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சிக்கிக்கொள்வதும் உண்டு. உயரத்துக்கு உடல் பழக நேரம் வேண்டும். மூச்சு வேகம் சில மணி நேரத்தில் கூடிவிடும். அதனால் ரத்தத்தில் கூடும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும். சிவப்பணுக்கள் பெருகவோ வாரங்கள் வேண்டும். மச்சாமே பாதையில் லாவா டவர் என்ற இடம்வரை, அதாவது சுமார் 4,600 மீட்டர் உயரம்வரை ஏறிவிட்டு, இரவு தூங்க 4,000 மீட்டருக்குக் கீழே பராங்கோ முகாமுக்கு இறங்குவது இந்த மாற்றங்களுக்காகத்தான். ஐந்து நாள் திட்டம் மலிவாக இருந்தாலும் ஏழு எட்டு நாள் திட்டத்தையே எடுங்கள். அப்புறம், தலைவலியோடு நடை தள்ளாட ஆரம்பித்தால், உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் துணையோடு உடனே இறங்கிவிட வேண்டும்.