தன் முட்டையைத் தானே நசுக்கிய பறவை

அமெரிக்காவின் 'பால்டு ஈகிள்' பறவையைத் தமிழில் பலர் மொட்டைக் கழுகு என்று எழுதிவிடுகிறார்கள். அதன் தலை மொட்டையே இல்லை. அடர்ந்த வெள்ளை இறகு. பழைய ஆங்கிலத்தில் 'பால்டு' என்ற சொல்லுக்கு வெள்ளை என்ற பொருளும் இருந்தது. எனவே வெண்தலைக் கழுகு என்பதே சரி. பிணந்தின்னிக் கழுகுகளைவிட நம் ஊர்ச் செம்பருந்துதான் இதற்குக் கிட்டத்துச் சொந்தம். முக்கிய உணவு மீன். இதன் கதை அந்த மீனில்தான் திரும்புகிறது.

1782-இல் அரசு முத்திரையில் ஏறிய பறவைதான். ஆனாலும் சுட்டுத் தள்ளினார்கள். சால்மன் மீனைத் தின்று தீர்க்கிறது என்று அலாஸ்காவில் 1917 முதல் 1950களின் தொடக்கம் வரை தலைக்கு இவ்வளவு என்று பணமே கொடுத்தார்கள்; ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. 1940-இல் வந்த தனிச் சட்டம் இதைக் கொல்வதையும் விற்பதையும் தடுத்தது. அதுவும் அப்போது அலாஸ்காவை விட்டுவிட்டது!

துப்பாக்கியைத் தடுத்தாயிற்று. பிறகும் ஏன் குறைந்தது?

அதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் விஞ்ஞானி அல்லர். சார்லஸ் புரோலி கனடாவில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதுக்காரர், புளோரிடாவின் உயரமான மரங்களில் ஏறிக் கழுகுக் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டிக்கொண்டிருந்தார். 1947 வாக்கில் கணக்கு இடித்தது. பெரிய பறவைகள் இருக்கின்றன, கூடும் இருக்கிறது, குஞ்சைத்தான் காணோம். 1958-இல் நூறு மைலுக்கு மேல் கடற்கரையைச் சுற்றியும் அவர் வளையம் மாட்டியது ஒரே ஒரு குஞ்சுக்கு. பூச்சிமருந்துதான் காரணம் என்று அவர் சந்தேகப்பட்டார். சந்தேகம் சரியாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி என்ற பூச்சிமருந்து வயலிலும் காட்டிலும் சதுப்பு நிலத்திலும் கொட்டப்பட்டது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், லேசில் அழியாது. நீரிலுள்ள நுண்ணுயிரில் துளி, அதைத் தின்ற சிறுமீனில் கொஞ்சம், பெரிய மீனில் இன்னும் கொஞ்சம். ஆண்டுக்கணக்கில் மீனே தின்னும் கழுகின் உடலில் மொத்தமும் வந்து சேரும். அங்கே அது டிடிஇ என்ற பொருளாக மாறித் தங்கிவிடும்.

கோழி வளர்ப்பவர்களுக்குத் தோல்முட்டை தெரியும். சுண்ணாம்புச்சத்து போதாவிட்டால் ஓடில்லாமல் வரும், கிளிஞ்சல் போட்டால் சரியாகும். கழுகுக்குக் கிளிஞ்சல் போட்டும் பயனிருக்காது. அதன் ரத்தத்தில் கால்சியம் இருந்தது. முட்டைக்கு ஓடு கட்டும் சுரப்பியில், ரத்தத்திலிருந்து கால்சியத்தை எடுத்துத் தள்ளும் நொதியை டிடிஇ முடக்கியது. சரக்கு வாசலில் நிற்கிறது, இறக்க ஆளில்லை. ஓடு மெலிந்தது. நாலைந்து கிலோ எடையுள்ள தாய் வழக்கம்போல் உட்கார, முட்டை நொறுங்கியது. வேடிக்கை என்னவென்றால் கோழியை இது அவ்வளவாகத் தொடவில்லை. கோழியை மட்டும் சோதித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

1963-இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் எண்ணப்பட்டவை 417 ஜோடிகள். 1972-இல் டிடிடி தடை வந்தது. 1973-இன் அருகிவரும் உயிரினச் சட்டம் வாழிடத்துக்கும் காவல் போட்டது. நியூயார்க் மாநிலத்தில் கிட்டத்தட்ட ஒரு ஜோடிதான் மிச்சம் என்ற நிலையில், 1976 முதல் வெளியிலிருந்து, பெரும்பாலும் அலாஸ்காவிலிருந்து, 198 குஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள். கோபுரக் கூண்டில் வைத்து, ஆள் முகம் காட்டாமல் மீன் போட்டு வளர்த்துப் பறக்கவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவில் கதை எளிதாக முடியவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதி ஆலைக்கழிவில் வந்த டிடிடி கடலடிச் சேற்றிலேயே கிடந்தது. 1980 முதல் விடப்பட்ட கழுகுகள் 1987-இல் இட்ட முட்டைகளும் உடைந்தன. ஆராய்ச்சியாளர்கள் கூட்டுக்குப் போய் நிஜ முட்டைகளை எடுத்துக்கொண்டு, போலி முட்டைகளை வைத்தார்கள். கழுகுகள் அவற்றை மும்முரமாக அடைகாத்தன. நிஜ முட்டைகள் அடைகாக்கும் கருவியில் பொரிந்தன. குஞ்சுகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். இப்படியே ஆண்டுக்கணக்கில். பக்கத்துச் சாண்டா குரூஸ் தீவில் 2006-இலும், கேட்டலினாவில் 2007-இலும்தான் மனிதக் கை படாமல் முட்டை பொரிந்தது.

அதே 2007-இல் அருகிவரும் உயிரினச் சட்டத்தின் பட்டியலிலிருந்தும் வெண்தலைக் கழுகு எடுக்கப்பட்டது. அப்போது 9,789 ஜோடிகள். 2021-இல் வெளியான கணக்கு 71,467 ஜோடிகள் என்றது. பட்டியலிலிருந்து நீங்கினாலும் 1940-இன் சட்டம் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடைகாக்கும் பறவை கூட்டை விட்டுப் போகும்படி தொந்தரவு செய்வதும் குற்றம்; தரையில் கிடக்கும் இறகைப் பொறுக்கி வைத்துக்கொள்வதும் குற்றம். இறகைச் சடங்குக்கு வேண்டும் பூர்வகுடியினர் டென்வர் அருகேயுள்ள அரசுக் களஞ்சியத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். சட்டப்படி தேசியப் பறவை என்று அறிவித்தது 2024 டிசம்பரில்தான் என்பது தனி வேடிக்கை.

இப்போதைய வில்லன் ஈயம். மானைச் சுட்டவர் குடலைக் காட்டிலேயே விட்டுப் போகிறார். அதில் தோட்டாத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். கழுகு தின்னும். உடல் ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்ளும். 2022-இல் வெளியான ஆய்வில், சோதித்த கழுகுகளில் ஏறக்குறைய பாதியின் எலும்பில் நாள்பட்ட ஈய நச்சு இருந்தது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991-லேயே நாடு முழுதும் தடை வந்துவிட்டது. மான் வேட்டைத் தோட்டாவுக்கு அப்படி நாடு தழுவிய தடை இல்லை.